வியர்வையைப் பார்த்துச் சர்க்கரை சொல்லும் வாட்சை நம்பலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 57 வயது. 11 வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். ரப்பர் வெட்டு வேலை. விடியற்காலை 4 மணிக்கே ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார். ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் மகன், வியர்வையை வைத்தே சர்க்கரை சொல்லும், விரலில் குத்த வேண்டாம் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு வாட்ச் வாங்கி அனுப்பினான். அன்றோடு குளுக்கோமீட்டர் அலமாரிக்குள் போய்விட்டது. போன மாதம் ஒருநாள் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் கை நடுங்கி, சட்டையைப் பிழியலாம் என்கிற அளவுக்கு வியர்த்து, தள்ளாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். வாட்ச் 112 என்று காட்டியது. எனக்கு மனசு கேட்காமல் மீட்டரை எடுத்துக் குத்திப் பார்த்தேன். 52. கருப்பட்டிக் காப்பி கொடுத்த பிறகுதான் தெளிந்தார். அவரோ "மீட்டர் பழசு, வாட்ச் புதுசு" என்கிறார். எது சரி? வியர்வையில் சர்க்கரை தெரியுமா, தெரியாதா? மகனுடைய கம்பெனியிலும் வெயில் காலத்தில் கையில் ஒரு பட்டையை ஒட்டி வியர்வையைப் பார்க்கிறார்களாம். அது உண்மை என்றால் இது மட்டும் எப்படிப் பொய்யாகும்?
— குலசேகரம் அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: சகோதரி, மீட்டர்தான் சரி. அன்றைக்கு நீங்கள் குத்திப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

அலமாரியில் கிடந்த மீட்டரை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. நம் குமரி மாவட்டத்து ஈரக்காற்றில் ஸ்டிரிப் குப்பியின் மூடி சரியாக மூடாவிட்டாலே ஸ்டிரிப் கெட்டுப்போகும். காலாவதியான ஸ்டிரிப் எதை வேண்டுமானாலும் காட்டும். விரல் ஈரமாக இருந்தால் ரத்தத்தில் தண்ணீர் கலந்து எண் குறையும். மட்டிப்பழம் உரித்த கையோடு குத்தினால் எண் எகிறும். ஆனால் உங்கள் கடிதத்தில் மீட்டரைத் தவிர வேறு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1930களில் ஒரு விதி சொல்லி வைத்தார்: தாழ்சர்க்கரைக்கான அறிகுறி இருக்க வேண்டும், அதே நேரத்தில் சோதனையில் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும், சர்க்கரை கொடுத்ததும் அறிகுறி மறைய வேண்டும். மூன்றும் சேர்ந்தால் அது தாழ்சர்க்கரைதான். நடுக்கம், 52, கருப்பட்டிக் காப்பி என்று உங்கள் வீட்டில் மூன்றும் நடந்திருக்கிறது. இதில் வாட்சுக்கு வேலையே இல்லை.

70க்குக் கீழே போனாலே குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 54க்கும் கீழே போனால் ஆபத்தான குறைவு. மூளைக்குப் போதுமான சர்க்கரை கிடைக்காத நிலை. மனிதர் நடந்து வீடு வந்து சேர்ந்ததே பெரிய காரியம். அடுத்த முறை காப்பி போட அடுப்பு பற்ற வைக்காதீர்கள். சூடான காப்பியை ஊதி ஊதிக் குடிப்பதற்குள் நேரம் போய்விடும். மூன்று டீஸ்பூன் நிறையச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துக் குத்திப் பாருங்கள். 70ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு இட்லியோ கஞ்சியோ சாப்பிட வேண்டும். கிளிமிபிரைடின் வேலை ஒரு நாள் முழுக்க இருக்கும், அதனால் ஒரு தரம் ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கலாம். அன்றைக்கு அவரைத் தனியாக விடக்கூடாது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஏன் இறங்கியது என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது. மெட்ஃபார்மின் தனியாக இந்த வேலையைச் செய்வது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். அவரும் மற்ற வெட்டுக்காரர்களைப் போலத்தான் என்றால், ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்ட சாப்பாடு, காலையில் வெறும் வயிற்றில் பாலில்லாத ஒரு கட்டன் சாயா, அப்புறம் மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து வெட்டு. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? மரத்துக்குள் நீர் அழுத்தம் நன்றாக இருக்கும் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வரும் என்பதால் வேலை நேரத்தை மாற்றுங்கள் என்று நான் சொல்ல முடியாது. மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மாற்றலாம். அதை நீங்களாகச் செய்யாமல் அவருடைய டாக்டரிடம் இந்த 52ஐச் சொல்லிக் கேளுங்கள். கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினினும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சியும் பார்க்கச் சொல்லுங்கள். கிட்னி கொஞ்சம் தளர்ந்திருந்தால் பழைய அளவு மாத்திரையே கூடுதலாகிவிடும். அதுவரை இரண்டு இட்லியாவது தின்னாமல் தோட்டத்தில் இறங்க வேண்டாம். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு ஆகாது. அவற்றில் உள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்துக்கு விடும்.

இனி வியர்வைக்கு வருவோம். அன்றைக்கு அவருக்கு வந்தது உழைப்பு வியர்வை இல்லை. சர்க்கரை இறங்கும்போது உடம்பு அட்ரினலினை அவிழ்த்து விடுகிறது. அதில்தான் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கூடவே வியர்வைச் சுரப்பிகளுக்கு வேறொரு நரம்பு வழியாக, அசெட்டில்கோலின் என்ற வேறொரு ரசாயனத்தின் மூலம் கட்டளை போகும். இந்த நுணுக்கத்தை நான் ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். அட்டெனலால், மெட்டோபுரோலால் மாதிரி பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கத்தையும் படபடப்பையும் அந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. அவர்களுக்கு மிஞ்சும் முக்கிய எச்சரிக்கை வியர்வைதான். உங்கள் வீட்டுக்காரர் அந்த வகை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று சீட்டைப் பாருங்கள். ரப்பர் தோட்டத்தில் காற்றும் இல்லை, ஈரமும் அதிகம். வியர்வை காயாமல் வடிந்துகொண்டே இருக்கும் என்பதால் இரண்டையும் பிரித்தறிவது சிரமம். அடையாளம் இதுதான்: பத்து மரம் வெட்டுவதற்கு முன்பே வியர்த்தால், நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருந்தால், பசியோ சிடுசிடுப்போ கூட வந்தால், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குளுக்கோஸைப் பிரிக்க வேண்டும். சோதித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இப்போது வாட்ச். அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பச்சை விளக்கு மினுக்குகிறதா? தோலுக்குள் ஒளியை அனுப்பி, ரத்த ஓட்டத்தால் அது கூடிக் குறைவதை எண்ணி இதயத் துடிப்பைச் சொல்வதுதான் அந்த விளக்கின் வேலை. அதைச் சுமாராக நன்றாகவே செய்யும். வியர்வைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வியர்வையில் இருக்கும் ஒரு பொருளை அளக்க வேண்டுமென்றால் வியர்வை உள்ளே போக ஒரு வழி வேண்டும், அது தொடும் இடத்தில் ஒரு நொதியோ ரசாயனப் பூச்சோ உள்ள மின்முனை வேண்டும், பழைய வியர்வை வெளியேற இன்னொரு வழி வேண்டும். நொதி தேயும். ஆகவே அந்தப் பாகத்தை அடிக்கடி மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்கு ஒட்டுப்பட்டையோ ஸ்டிரிப்போ இல்லாத கருவி வியர்வையைப் பரிசோதிக்கவே இல்லை, விளம்பரம் என்ன சொன்னாலும் சரி. உங்கள் வாட்சோடு அப்படி ஏதாவது வந்ததா? வந்திருக்காது.

2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே எச்சரித்தது: தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளக்கும் என்று விற்கிற எந்த ஸ்மார்ட் வாட்சுக்கும் மோதிரத்துக்கும் நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, வாங்காதீர்கள் என்று. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இது பொருந்தும் என்றும் சேர்த்துச் சொன்னது. வீட்டிலேயே ஒரு சோதனை வேண்டுமானால், வாட்சை ஒரு சுருட்டிய துண்டின் மேல் கட்டிப் பாருங்கள். இந்த ரக வாட்சுகளில் சில, துண்டுக்கும் சர்க்கரை சொல்லும். சொல்லாவிட்டால் நல்லது, ஆனாலும் நம்ப வேண்டாம். 112 என்பது யாரையும் பயமுறுத்தாத எண். அந்த மாதிரி எண்ணை எந்நேரமும் காட்டிக்கொண்டிருக்கும் கருவி, சர்க்கரை இறங்கும் அந்த ஒரு நாளில்தான் ஆளைக் கவிழ்க்கும்.

வியர்வையில் சர்க்கரையே இல்லையா என்றால், இருக்கிறது. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்தால் வியர்வையில் 1 மில்லிகிராம் அளவில் இருக்கும், பல சமயம் அதற்கும் கீழே. அத்தனை குறைவான ஒன்றை அளக்கும்போது தோலில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பிசுக்கே கணக்கைக் கெடுத்துவிடும். வேகமாக வியர்த்தால் ஓர் அளவு, மெதுவாக வியர்த்தால் ஓர் அளவு. ரத்தத்தில் மாறியது வியர்வைக்கு வந்து சேரத் தாமதமும் ஆகும். ஃபேனுக்கு அடியில் வியர்க்காமல் தூங்குகிறவருக்கு அளக்க ஒன்றுமே இருக்காது. அந்தத் தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் யாருக்கும் தெரியாமலே போய்விடலாம்.

இதில் நேர்மையான ஆராய்ச்சி நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2016இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அலி ஜாவே, வெய் காவ் ஆகியோரின் குழு, குளுக்கோஸ், லாக்டேட், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றை வியர்வையிலிருந்தும், கூடவே தோலின் வெப்பநிலையையும் ஒரே நேரத்தில் அளந்து போனுக்கு அனுப்பும் ஒரு பட்டையை நேச்சர் இதழில் வெளியிட்டது. அருமையான வேலை. அதிலிருந்து 'இனி ஊசி வேண்டாம்' என்று தலைப்புப் போட்டவர்கள்தான் அவசரப்பட்டவர்கள். அதற்கும் முன்னால், 2001இல் குளுக்கோவாட்ச் என்று ஒன்று அமெரிக்காவில் அனுமதியே பெற்றது. வியர்வையை நம்பாமல், லேசான மின்சாரம் பாய்ச்சித் தோலுக்கு அடியில் இருக்கும் திரவத்தை அது இழுத்தெடுத்தது. தோல் சிவந்து எரிந்தது. விரலில் குத்துவதை நிறுத்தக் கூடாது என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருந்தது. வேடிக்கை என்னவென்றால் ஆள் வியர்த்தால் கணக்குக் கெடும் என்று அந்த அளவையே அது விட்டுவிடும். தாழ்சர்க்கரை வந்தவர் எதைச் செய்வார்? வியர்ப்பார்! சில வருஷத்தில் கடைகளிலிருந்து மறைந்துபோயிற்று.

சரி, மகனின் பட்டைக்கு வருவோம். அது பொய்யில்லை, ஏனென்றால் அது வேறு கேள்வி கேட்கிறது. உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறது. அந்த இரண்டும் வியர்வையில் கொட்டிக் கிடக்கின்றன. வியர்வைச் சுரப்பியின் அடியில் உண்டாகும் திரவம் ரத்த நீரைப் போலவே உப்பாக இருக்கும். மேலே தோலுக்கு வரும் குழாயில் உடம்பு உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வாய்க்காலில் தண்ணீர் மெல்லப் போனால் கரை குடிக்கும், வெள்ளமாகப் பாய்ந்தால் குடிக்க நேரமிருக்காது. அதுபோல வேகமாக வியர்க்கிறவரின் வியர்வையில் உப்புத் தூக்கலாக இருக்கும். வேலை முடிந்து கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறதே, அவர்கள்தான் இந்தக் கூட்டம்.

விளையாட்டு வீரர்களுக்காக 2021இல் அமெரிக்காவில் கேட்டரேட் நிறுவனம் இப்படி ஒரு பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸின் குழு பல வருஷம் செய்த வேலையிலிருந்து பிறந்த எபிகோர் என்ற நிறுவனம் அதற்குக் கைகொடுத்தது. பிளாஸ்டர் மாதிரியான பட்டைக்குள் முடியளவு நுண்ணிய கால்வாய்கள். வியர்வை ஏற ஏற ஒன்றில் நிறம் நகர்ந்துகொண்டே போகும், எவ்வளவு வியர்த்தது என்று தெரியும். இன்னொன்றில் நிறம் அடர்வதைப் பார்த்து உப்பைக் கணக்கிடலாம். போன் கேமராவில் படம் பிடித்தால் இவ்வளவு குடி என்று சொல்லும். ஒருமுறை ஒட்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஷார்ஜாவில் உங்கள் மகனுக்கு ஒட்டுவது இந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும். ரத்தம் எடுக்காது, தோலில் அரிப்பு வந்தால் கழற்றிவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அதை நம்பி நிழலை விடக்கூடாது. அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயும் வியர்க்கும். லிட்டருக்குச் சுமார் அரை டீஸ்பூன் உப்பு போகும், ஆளுக்கு ஆள் இது பல மடங்கு மாறும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, மயக்கம் வரை போகும். நம் ஊரில் வேலைக்காரர்களுக்கு உப்புப் போட்ட கஞ்சியும் நாரங்கா வெள்ளமும் (எலுமிச்சைச் சாறு) கொடுத்தது சும்மா இல்லை.

பட்டை இல்லாதவர்களுக்கு ஒரு தராசு போதும். வேலைக்கு முன்னால் எடை, வேலை முடிந்து உடம்பைத் துடைத்துவிட்டு எடை. இடையில் குடித்த தண்ணீரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் குறைந்தால் குடித்தது போதவில்லை. ரப்பர் ஷீட் எடை போடுகிற தராசு நூறு கிலோ தாங்கும் என்றால் அதிலேயே ஏறி நிற்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் ஒரு திருத்தம்: அக்கானி (பதநீர்) வேண்டாம், அது முழுக்கச் சர்க்கரை. பி.பி. இருந்தால் உப்பையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

மருத்துவத்தில் வியர்வை நிஜமாகவே தீர்ப்புச் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது, அதுவும் உப்பில்தான். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தைகளின் வியர்வையில், உப்பின் ஒரு பாகமான குளோரைடு எக்கச்சக்கமாக இருக்கும். 1948இல் நியூயார்க்கில் அடித்த வெயிலில் அந்தக் குழந்தைகள் சுருண்டு விழுந்ததைக் கவனித்த டாக்டர்கள் பிடித்த நூல் அது. 1959இல் கிப்சன், குக் இருவரும் முன்கையில் மருந்து தடவி, லேசான மின்சாரம் கொடுத்து வியர்க்க வைத்துச் சோதிக்கும் முறையைச் சொன்னார்கள். லிட்டருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால் அந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். இன்றும் இதுதான் அதற்கான முதன்மைச் சோதனை.

விரலில் குத்துவதுதான் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்றால் உருப்படியான மாற்று ஒன்று உண்டு. கையின் மேல்பகுதியில் ஒட்டும் நாணய அளவுள்ள சென்சார், தொடர் குளுக்கோஸ் கண்காணிப்பு என்பார்கள். இதையும் சிலர் வியர்வைப் பட்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, அதில் முடி மாதிரி ஓர் இழை சில மில்லிமீட்டர் தோலுக்குள் போய் அங்கே உள்ள திரவத்தில் சர்க்கரையை அளக்கிறது. நம் நாட்டில் கிடைக்கிறது, ஒரு சென்சார் சில ஆயிரம் ரூபாய், பொதுவாக 14 நாள் வரும். எல்லா மாதமும் கட்டுப்படியாகாது என்றால் ஒரே ஒரு தடவை ஒட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டு வாரத்தில் ராத்திரி எத்தனை மணிக்கு இறங்குகிறது, விடியலில் எவ்வளவு இருக்கிறது என்று முழுப் படமும் டாக்டர் கைக்கு வந்துவிடும். மாத்திரையைத் திருத்த அதுவே போதும். வியர்வைக்கு ஒட்டு கழன்று வரும், அதனால் மேலே ஒரு பிளாஸ்டர் போட்டுக்கொள்ளட்டும். அந்தப் பக்கமாகச் சாய்ந்து படுத்தால் இல்லாத குறைவைக் காட்டும். ரத்தத்தைவிட 5 முதல் 15 நிமிடம் பின்தங்கியும் இருக்கும், ஆகவே உடம்பு ஒன்று சொல்லி அது வேறொன்று சொன்னால் விரலில் குத்தித்தான் ஆக வேண்டும்.

மகன் ஆசையாக வாங்கி அனுப்பிய வாட்சைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. நேரம் பார்க்கலாம், எத்தனை அடி நடந்தார் என்று பார்க்கலாம். சர்க்கரை காட்டும் பக்கத்தை மட்டும் செட்டிங்கில் போய் மறைத்துவிடச் சொல்லுங்கள். மகனே வீடியோ காலில் சொல்லிக் கொடுப்பான். அலமாரியிலிருந்து எடுத்த மீட்டருக்குப் புது ஸ்டிரிப் குப்பி வாங்குங்கள், பழையதில் மிச்சமிருப்பதை உபயோகிக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளாவது வேலைக்குக் கிளம்பும் முன் குத்திப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது தின்றுவிட்டுத்தான் இறங்க வேண்டும். மகனிடம் பேசும்போது இன்னொன்றும் கேளுங்கள்: அந்தப் பட்டை எடுக்கும் கணக்கு அவன் போனுக்கு மட்டும் வருகிறதா, கம்பெனிக்கும் போகிறதா? போகிறது என்றால் அதை வைத்து அவனுக்கு ஓய்வும் தண்ணீரும் கொடுக்கிறார்களா, இல்லை வேலைக்கு லாயக்கில்லை என்று குறித்துக்கொள்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.